காணாமற்போன பேருந்து

ஜுவைரியா மாடிப்படி ஏறி வந்த வேளையில், நஜீமுதீன் தம் சட்டைப் பையில் கசிந்துவிட்ட நீல மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவிநாசி சாலையில் ஒரு பொத்தான் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் அவருக்கு வியர்த்தது. ஓரிடத்தில் அமர்ந்திருப்பது அவருடைய உடம்புக்கு ஒவ்வாத காரியம். முப்பது ஆண்டுகள் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் விற்றவர். கடையை மருமகனிடம் ஒப்படைத்தபின் வீட்டில் நான்கு நாள் இருக்கமாட்டாமல், சித்ராதேவியிடம் துணைக்கு வந்து சேர்ந்தவர்.

சித்ராதேவி, தொழிற்சாலைகளின் பாதுகாப்பை ஆய்வு செய்யும் பணியில் இருபது ஆண்டுகள் இருந்து, விருப்ப ஓய்வு பெற்று, இப்போது தனியே துப்பறிந்து வருபவர். சொந்த ஊர் தாராபுரம். குரலை உயர்த்தி எவரும் கேட்டதில்லை.

“தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க பாய். இன்னும் பரவும்.”

“பரவுனாப் பரவட்டுமுங்க மேடம். எந்தக் கம்பெனிச் செக்கிங்ல குடுத்தாலும் மருந்து போட்டு ஒரே நிமிசத்துல எடுத்துருவாங்க” என்றார் நஜீமுதீன்.

அப்போதுதான் வாசலில் அந்தப் பெண் நிற்பதை இருவரும் கண்டனர். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு; மார்போடு அணைத்த ஒரு சிவப்பு அட்டைக் குறிப்பேடு. நாற்காலியைக் காட்டியும் அவர் அமரவில்லை.

“என் பேரு ஜுவைரியாங்க. மங்கலம் ரோட்டுல ஒரு பனியன் கம்பெனியில, வேலைக்கு வர்ற தாய்மாருங்க புள்ளைங்களப் பாத்துக்கற காப்பகத்துக்குப் பொறுப்புங்க. நேத்து வரைக்கும்.”

“நேத்து என்ன நடந்துச்சு?”

அவர் சொன்னது இதுதான். காப்பகத்தில் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் பதினொருவர். மதியம் ஒரு மணிக்கு அவர்களைத் தூங்க வைப்பது வழக்கம். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் குனிந்து மூச்சைக் கவனித்துக் குறித்துக்கொள்வது ஜுவைரியாவின் முறை. நேற்று ஒன்று நாற்பதுக்குப் பார்த்தபோது மூன்று குழந்தைகள் தட்டியும் அசையவில்லை. உதடு வெளிறிக் கிடந்தனர். அவரும் ஆயாவுமாகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினர். காற்றுப் பட்டதும் இருவர் வாந்தியெடுத்துக் கண் திறந்தனர். மருத்துவமனையை அடையுமுன் மூன்றாவது குழந்தையும் அழுதது. மாலைக்குள் மூவரும் தேறிவிட்டனர்.

“மேனேஜர் வேல்குமார் சாரு, நாந்தான் தூக்க மருந்து குடுத்துட்டேன்னு எழுதிட்டாருங்க. ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட்டு வர நாளாகுமாம். இன்னிக்கு மூணு மணிக்கு நம்ம பனியன வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆளுங்க காப்பகத்தப் பாக்க வர்றாங்க. அவங்க போனதும் என்னப் போலீசுல குடுக்கறதப் பத்தி முதலாளி முடிவு பண்ணுவாராமுங்க.”

“அதுக்கு நாங்க வந்து பேசோணுமா, தங்கச்சி?” என்று நஜீமுதீன் பரிவோடு கேட்டார்.

“அதுக்கில்லீங்கண்ணா.” ஜுவைரியாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. “என் வேலை போனாப் போகுதுங்க. நா மருந்து குடுக்கல. குடுக்கலைன்னா, வேற என்னமோ ஒண்ணு அந்த ரூம்புக்குள்ள இருக்குது. அது இன்னும் அங்கியேதான் இருக்குது. இன்னிக்கு ஒரு மணிக்கு அதே ரூம்புல அதே புள்ளைங்களத் தூங்க வெக்கப் போறாங்க. நாஞ் சொன்னா யாருங்க கேக்கறாங்க?”

நஜீமுதீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஐம்பது நிமிடம். வண்டிச் சாவி அதற்குள் அவருடைய கையில் இருந்தது.

*

மங்கலம் சாலை அன்று நகரவே இல்லை. துணி உருளைகளை ஏற்றிய ஒரு டெம்போ குறுக்கே நின்றுவிட, நஜீமுதீன் ஹாரனிலிருந்து கையெடுக்காமல், தமக்குத் தோன்றியவற்றையெல்லாம் கொட்டினார்.

“பாலுங்க மேடம்! பாலுதான் கெட்டிருக்கோணும்.”

“பதினொரு பேரும் ஒரே பாத்திரத்துப் பாலுதாங்க குடிச்சாங்க” என்றார் பின்னிருக்கையிலிருந்து ஜுவைரியா.

“அப்ப பெயிண்ட்டு. பையர் வர்றாங்கன்னு புதுசா அடிச்சிருப்பாங்கல்ல?”

“அடிச்சாங்க. மூணு நாளா ரூம்பு பூராவும் அந்த நாத்தந்தான். ஆனா பதினொரு பேருக்கும் அதே காத்துதானுங்களே.”

சித்ராதேவி வேல்குமாரின் கடிதத்தின் நகலைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியை இருமுறை படித்தார். ‘மிஸ் மருந்து கொடுத்தார் என்று ஷாஹிதா என்னும் நான்கு வயதுக் குழந்தை என்னிடம் நேரில் கூறியது.’

“இந்த ஷாஹிதா யாரு?”

“அவ அம்மா அதே கம்பெனியில, தச்ச பனியன்ல பழுது பாக்கற செக்கிங்ல இருக்காங்க. ஷாஹிதா நல்லாப் பேசுவா. பொய் சொல்ற புள்ள இல்லீங்க. அதாங்க எனக்கு ஒண்ணும் புரியல.”

“மயங்குன மூணு பேரும் எங்க படுத்திருந்தாங்க?”

“ஒவ்வொருத்தருக்கும் தனி மெத்தைங்க. ஒருத்தர் மெத்தையில இன்னொருத்தரப் படுக்க விடமாட்டேன். பேனு, சிரங்கு, சளி எல்லாம் தொத்திக்கும். நம்பர் போட்டிருக்கறேன். அவங்க மூணு பேரும் நாலு, அஞ்சு, ஆறு. ஜன்னலோரம்.”

“ஜன்னல் தொறந்திருந்துச்சா?”

“எப்பவும் ஒரு சாண் தொறந்து வெப்பனுங்க. திங்கக்கிழமை ஏசி மாட்டுனாங்க. குளுரு வெளிய போகுதுன்னு மேனேஜர் சாரு சுத்தியும் டேப்பு ஒட்டிட்டாரு.”

“மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து மெத்தை” என்று சித்ராதேவி தமக்குள் சொல்லிக்கொண்டார். டெம்போ நகர்ந்தது.

*

பதினொன்றே முக்காலுக்குக் கம்பெனி வாசலை அடைந்தபோது வேல்குமார் அவர்களை மறித்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நாற்பது வயது.

“இன்னிக்குப் பையர் விசிட்டுங்க. வெளியாளுங்கள விடறதுக்கில்லீங்க.”

சித்ராதேவி வரும் வழியிலேயே முதலாளி சுப்பண்ணனிடம் தொலைபேசியில் பேசி அனுமதி பெற்றிருந்தார். அதைச் சொன்னதும் வேல்குமார் சற்றுத் தணிந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. நானும் செக்கிங் டேபிள்ல நின்னு மேல வந்தவந்தானுங்க. தாய்மாருங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளை வாயால சொன்னதத்தான் எழுதுனேன்.”

காப்பகம் பளபளவென்று இருந்தது. சுவரில் மஞ்சள் வாத்துகள்; தரையில் முகம் தெரிந்தது. புது வண்ணத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. மூலையில் பதினொரு மெத்தைகளும் சுருட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஏற்றுமதிப் பெட்டிக்குப் போவதுபோல் பாலிதீன் உறையிடப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் முற்றத்துப் பந்தலின்கீழ் விளையாடிக்கொண்டிருந்தனர். நேற்று மயங்கிய மூவரும் அவர்களோடுதான் இருந்தனர். அவசர ஆர்டர் என்பதால் தாய்மார் எவருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை.

ஆயா வேலாத்தாள், ஜுவைரியாவைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது; பெருத்த உடம்பு; அதைவிடப் பெருத்த குரல்.

“வந்துட்டியா சாமி! நீயில்லாம இதுக பண்ற அழும்பு தாங்கல. அந்தத் தீரன் பையன் காலையில இருந்து ஒப்பாரி வெக்கறான்.”

நேற்று மயங்கியவர்களில் ஒருவனான தீரன் என்ற அந்த நான்கு வயதுச் சிறுவன் பந்தற்காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என் பஸ்ஸக் காணோம்” என்றான்.

“இந்தாங்க தம்பி, வேற பஸ்ஸு வாங்கிக்கலாம்” என்று நஜீமுதீன் மண்டியிட்டார்.

“வேற வேண்டாம். என் பஸ்ஸு. நீள பஸ்ஸு. படுத்தா உள்ள போலாம்.”

சித்ராதேவி ஜுவைரியாவின் பக்கம் திரும்பினார். “எப்படிப்பட்ட பஸ்?”

“தெரியலீங்க மேடம். நம்ம காப்பகத்துல வண்டிப் பொம்மையே வெக்கறதில்லீங்க. சக்கரம் கழண்டா வாயில போட்டுக்குவாங்கன்னு.”

வேலாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தை மறுபடியும் துடைத்தார். துடைக்க அங்கே எதுவும் இல்லை. சித்ராதேவி அதைக் கவனித்தார். ஷாஹிதாவின் எதிரே தரையில் அமர்ந்தார். இரட்டைப் பின்னலிட்ட சிறுமி, செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

“நேத்து மேனேஜர் மாமாகிட்ட என்னமோ சொன்னியாமா, கண்ணு?”

“செருப்பு எடுக்க உள்ள போனேன்ல, அப்ப அக்கா மருந்து போட்டாங்க. புஸ்ஸுபுஸ்ஸுன்னு.”

“மிஸ்ஸா?”

ஷாஹிதாவுக்குச் சிரிப்பு வந்தது. “மிஸ்ஸு மிஸ்ஸு. ஆயா ஆயா. அக்கா அக்கா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல!”

“ஆமாம் கண்ணு, தெரியாமப் போச்சு” என்று சித்ராதேவி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டார். நஜீமுதீனைத் தனியே அழைத்தார். “பாய், செக்கிங் செக்ஷனுக்குப் போங்க. நேத்து மதியத்துக்கு முன்னால டேபிளை விட்டு இங்க வந்த பொண்ணு யாருன்னு கேட்டு, கையோட கூட்டிட்டு வாங்க. திட்டாமக் கூட்டிட்டு வாங்க.”

நஜீமுதீன் ஓட்டமும் நடையுமாகப் போனார். இயந்திரங்களின் இரைச்சலில் நான்கு பேரிடம் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. ஒருத்தி உணவு வேளை முடியட்டும் என்றாள். இன்னொருத்தி அவரைத் தையல் பிரிவுக்கு அனுப்பினாள். கோகிலாமணி என்னும் இருபது வயதுப் பெண்ணைக் கண்டுபிடித்து அழைத்துவந்தபோது மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டிருந்தது. குழந்தைகள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தனர். வேல்குமாரின் உத்தரவுப்படி ஒரு பணியாள், முதல் மெத்தையின் உறையைக் கிழிக்கத் தொடங்கியிருந்தான்.

“நிறுத்துங்க” என்றார் சித்ராதேவி.

*

முதலாளி சுப்பண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்து பந்தலின்கீழ் நின்றார். வேல்குமார், ஜுவைரியா, வேலாத்தாள், கோகிலாமணி ஆகியோர் சுற்றிலும் நின்றனர். நஜீமுதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“அந்த அடுக்குல நாலு, அஞ்சு, ஆறு மூணையும் இந்த முற்றத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு கேள்வி. வேலாத்தாக்கா, தீரனோட பஸ் எங்க இருந்துச்சு?” என்று கேட்டார் சித்ராதேவி.

வேலாத்தாள் அழுதே விட்டார். “எந் தப்புதானுங்க. ஜுவைரியாவ ஃபைலு கொண்டு வான்னு ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. நா பாலு பொங்குதுன்னு அடுப்படிக்குப் போனேன். சித்த நேரந்தானுங்க! அதுக்குள்ள எம் பேனாவ எடுத்து, மூணு மெத்தையவும் சேத்துத் தள்ளி, நீளத்துக்கு ஒரு பஸ்ஸு வரைஞ்சு வெச்சிட்டான். டைவரு நாலாம் நம்பர்ல, கதவு அஞ்சுல, பொகை ஆறுல. மேனேஜர் சாரு பாத்துட்டுக் கண்டபடி பேசுனாரு. புள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போன்னு தொரத்திட்டாரு. திரும்பி வந்தா மெத்தை மேல புது விரிப்பு. நானும் எம் பேனாவப் பத்தி வாயத் தொறக்கல.”

“அப்ப பஸ் எப்படிப் போச்சு, கோகிலாமணி?”

அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. “நாந்தானுங்க மருந்து போட்டேன். பால்பேனாக் கறைங்க. நல்லா ஊற ஊற அடிச்சாத்தான் போகும்னு சாரு சொன்னாரு. ஏனுங்க, மெத்தை கெட்டுப்போச்சுங்களா?”

நஜீமுதீன் தம் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“மேடம்! காத்தால நானே—”

“ஆமாங்க பாய். நீங்களே சொன்னீங்க. எங்க தாராபுரத்துப் பக்கம் மருந்துன்னா ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்ல பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து. திருப்பூர்ச் செக்கிங்ல மட்டுந்தான் துணியில இருக்கிற கறைய எடுக்கிற திரவத்துக்கு மருந்துன்னு பேரு. ஷாஹிதா அம்மாகிட்டக் கேட்டுப் பழகுன சொல்லு அது. தூக்க மருந்தா இருந்தா, குடுத்தாங்கன்னு சொல்லியிருப்பா, ஊத்துனாங்கன்னு சொல்லியிருப்பா. போட்டாங்கன்னு சொன்னா. புஸ்ஸுபுஸ்ஸுன்னும் சொன்னா.”

மூன்று மெத்தைகளும் வந்தன. சித்ராதேவி குழந்தைகளைத் தள்ளிப் போகச் சொல்லி, தாமே ஐந்தாம் எண்ணின் உறையைப் பிரித்தார். உறை பிரிந்ததும் எழுந்த இனிப்பான நெடியில் சுப்பண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேருந்து இல்லை. அது இருந்த இடத்தில், அலை வந்து போன மணல்போல, வெளிறிய வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

“பனியன் துணியில அடிச்சா நிமிசத்துல காஞ்சிரும். இது ரெண்டு அங்குல நுரை மெத்தை. குடிச்சுக்கிட்டு, மெதுவா வெளிய விடும். மேல விரிப்பு, ஜன்னலுக்கு டேப்பு. புள்ளைங்க மூக்கை மெத்தையில பொதைச்சுத் தூங்குதுங்க. பெயிண்ட் நாத்தத்துல இந்த நாத்தம் பெரியவங்களுக்குத் தெரியல. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை குனிஞ்சு பாக்கிற ஒருத்தங்க இல்லாமப் போயிருந்தா…”

அவர் மெத்தையை மறுபடியும் உறையால் மூடினார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க முதலாளி” என்றார் வேல்குமார். “கறை எடுக்கச் சொன்னது நெசம். அது இப்படிப் பண்ணும்னு சத்தியமா…”

“அடிக்கச் சொன்னப்பத் தெரியாது, நம்பறேன்” என்றார் சித்ராதேவி. “சாயங்காலம் தெரிஞ்சுபோச்சு. குழந்தை சொன்னது, ‘அக்கா மருந்து போட்டாங்க.’ நீங்க எழுதுனது, ‘மிஸ் மருந்து கொடுத்தார்.’ ஒரு சொல்லு மாறியிருந்தாக் காது கேக்கலைன்னு விட்டிருப்பேன். மருந்தை மட்டும் அப்படியே வெச்சுக்கிட்டு, அதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு மாத்தியிருக்கீங்க. செக்கிங் டேபிள்ல நிக்காத ஆளா இருந்தா, கேட்டத அப்படியே எழுதியிருப்பான். அர்த்தம் புரிஞ்சவனுக்குத்தான் மாத்தத் தோணும். நாத்தம் வெளிய வராம மெத்தைக்கு உறை போட்டதும் உங்க உத்தரவுதானே?”

வேல்குமார் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பையர் விசிட்டு மட்டும் முடியட்டும்னு…”

“விசிட்டுக்கு முன்னால, ஒரு மணிக்கு, இதுகளத் தூங்க வெச்சிருப்பியே வேலு!” என்று சுப்பண்ணன் ஓரடி முன்னால் வந்தார். “எம் பேத்தியா இருந்தா வெச்சிருப்பியா?”

சுப்பண்ணன் கையை நீட்டினார். அடையாள அட்டை அந்தக் கைக்கு மாறியது.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் பேசோணும்” என்றார் சித்ராதேவி. “கோகிலாமணி, அந்தக் கறை மருந்து டப்பாவ எடுத்துட்டு வா கண்ணு. மேல எழுதியிருக்கிற பேரை எழுத்துக்கூட்டி டாக்டர்கிட்டச் சொல்லிருவோம். அந்த மூணு பேரையும் சாயங்காலம் மறுபடி காட்டிரலாம்.”

கோகிலாமணி போகத் திரும்பியவள், நஜீமுதீனின் சட்டைப் பையைக் கண்டு நின்றாள். “அண்ணா, மையி! குடுங்க, நா ஒரு நிமிசத்துல…” என்று தொடங்கியவள், தன் கையையே பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“இருக்கட்டும் கண்ணு” என்றார் நஜீமுதீன். “இந்தக் கறை இருந்துட்டுப் போகட்டும். நீயி வேணும்னேவா பண்ணுன?”

*

அன்று குழந்தைகள் முற்றத்துப் பந்தலின்கீழ், தையல் பிரிவுப் பெண்கள் கொடுத்தனுப்பிய சேலைகளின்மேல் தூங்கினர். ஒருவர் விரிப்பில் இன்னொருவர் படுக்காதபடி ஜுவைரியா எண் எழுதிய துண்டுத்தாளை ஒவ்வொரு சேலையிலும் குத்தினார். பிறகு குண்டூசி ஆகாது என்று நினைவு வந்து, அத்தனையையும் எடுத்து எண்ணிப் பத்திரப்படுத்திவிட்டு, நூலால் கட்டினார். உள்ளே வேலாத்தாள் ஜன்னல் டேப்பைக் கிழிக்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. வெளிநாட்டார் வந்தால் என்ன சொல்வது என்று எவரோ கேட்டதற்கு, “நடந்ததச் சொல்லு” என்றார் சுப்பண்ணன்.

வந்த வேலை முடிந்துவிட்டது. சித்ராதேவி வண்டியில் ஏறி அமர்ந்தும் விட்டார். நஜீமுதீனோ கிளம்பவில்லை. பந்தற்காலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபது. ஒன்று முப்பது. ஒன்று முப்பத்தெட்டு.

ஒன்று நாற்பதுக்கு ஜுவைரியா எழுந்தார். முதல் சேலையருகே குனிந்தார், நகர்ந்தார், அடுத்ததருகே குனிந்தார். ஐந்தாவதில் தீரன் குப்புறக் கிடந்தான். ஜுவைரியா அவனைத் தொட்டபோது நஜீமுதீன் தம் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

தீரன் கையைத் தட்டிவிட்டான். “போங்க மிஸ்ஸு” என்று முனகிவிட்டு, புரண்டு படுத்தான்.

ஜுவைரியா சிவப்பு ஏட்டைத் திறந்து, ஒன்று நாற்பது என்று எழுதி, அதன் எதிரே ‘ஐந்தாம் எண் புரண்டு படுத்தான்’ என்று குறித்துக்கொண்டு, ஆறாம் எண்ணை நோக்கி நகர்ந்தார். நஜீமுதீன் வண்டிச் சாவியைத் தேடினார். அது அவ்வளவு நேரமும் அவருடைய கைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.